பூவுக்கு வரும் ஈயும் தேனீயும்: தோட்டத்துப் பூச்சிகளைத் துல்லியமாகப் படமெடுக்க

பூச்சிப் படம் மங்கலாக வந்தால் முதலில் லென்ஸ்மீதுதான் பழி விழும். பெரும்பாலும் தப்பு அங்கே இல்லை. பூச்சியைப் பூவுக்குப் பூ துரத்திக்கொண்டு போவதில் இருக்கிறது. துரத்துகிறவர் எப்போதும் ஒரு நொடி பின்தங்கியே இருப்பார். கோணமோ வெளிச்சமோ பின்னணியோ அவர் கையில் இருக்காது. நல்ல பூ ஒன்றைத் தேர்ந்து, அதற்கேற்ப எல்லாவற்றையும் அமைத்துவிட்டுப் பூச்சி வரும்வரை நிற்பவருக்குப் படம் கிடைக்கிறது. அதனால் இங்கே பூ முதலில் வருகிறது, கேமரா அதற்குப் பிறகு.

எந்தப் பூவுக்கு யார் வருவார்

ஹோவர்ஃப்ளை எனப்படும் பூ ஈக்கள் சிர்ஃபிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகில் சுமார் 6,000 இனங்கள் இருக்கின்றன. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டுக்கொண்டு குளவி, தேனீ வேஷம் கட்டும்; ஆனால் கொட்டாது. தேனீக்கு இரண்டு ஜோடி இறக்கை, ஈக்கு ஒரே ஜோடி. ஈயின் உணர்கொம்பு மிகக் குட்டை, கண்கள் தலையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். அந்தரத்தில் அசையாமல் நின்று, சட்டென்று பக்கவாட்டில் நழுவி, மறுபடி நிற்பது அவற்றின் அடையாள அசைவு.

பூ ஈக்களில் பெரும்பாலானவற்றுக்கு உறிஞ்சும் வாய் குட்டை. குழல் போன்ற ஆழமான பூக்களில் அவற்றுக்கு வேலையில்லை. தட்டையாக விரிந்து, மகரந்தமும் தேனும் மேலேயே கிடைக்கும் பூக்கள்தான் வேண்டும்: பூத்து நிற்கும் கொத்தமல்லி, சோம்பு, கேரட், கடுகு, ஒற்றை அடுக்குச் சாமந்தி, காஸ்மாஸ். அடுக்கடுக்காக இதழ் வைத்த கலப்பினப் பூக்கள் கண்ணுக்கு அழகு, பூச்சிக்குப் பட்டினி. பல ரகங்களில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருக்கும். அவற்றின் முன் காத்திருப்பது வீண்.

துளசி, சால்வியா மாதிரிக் கதிராகப் பூப்பவை தேனீக்களின் இடம். பொதுவாகத் தேனீ ஒரு கதிரின் கீழ்ப்பூக்களிலிருந்து மேல்நோக்கி வேலை செய்துகொண்டு போகும். அது கீழே வந்து இறங்கியதும் மூன்று பூ தள்ளி மேலே ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கலாம்.

அசுவினி மொய்த்த தண்டு ஒன்று தோட்டத்தில் இருந்தால் மருந்தடித்துவிடாதீர்கள். பல பூ ஈ இனங்களின் புழுக்கள் அசுவினியைத் தின்று வளர்பவை. தாய் ஈ அந்தக் கூட்டத்தின் நடுவிலோ பக்கத்திலோ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளை முட்டையை இடும். முட்டையிட இடம் பார்க்கும் ஈ அதே தண்டைச் சுற்றிச் சுற்றி வரும் என்பதால், பூவில் கிடைக்காத வாய்ப்பு அங்கே பலமுறை கிடைக்கும்.

இடத்தைத் தேர்வு செய்யும்போது பூவை மட்டும் பார்க்காமல் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். பூவுக்குப் பின்னால் அரை மீட்டர் தள்ளிப் பச்சை இலைகள் இருந்தால் பின்னணி மெழுகினாற்போல் கரைந்துவிடும். வெயில் பட்டுப் பளபளக்கும் ஓர் இலையோ உலர்ந்த வெளிர் குச்சியோ குறுக்கே நின்றால் எந்த அப்பர்ச்சரிலும், அதாவது லென்ஸ் ஒளித்துளையின் எந்த அளவிலும், அது உறுத்தும். தலையைக் கையளவு நகர்த்தினாலே பின்னணி மாறிவிடும். அதைப் பூச்சி வருவதற்கு முன்பே செய்துமுடிக்க வேண்டும்.

கருவி

மேக்ரோ லென்ஸ் இருந்தால் 90 முதல் 105 மி.மீ. வரை உள்ளது பூச்சிக்குப் பொருத்தம். 1:1 அளவில், அதாவது பொருளும் சென்சாரில் விழும் அதன் பிம்பமும் ஒரே அளவாக இருக்கும்போது, லென்ஸின் முன்முனைக்கும் பூச்சிக்கும் இடையே 13 முதல் 15 செ.மீ. வரை இடைவெளி கிடைக்கும். 60 மி.மீ. லென்ஸில் அது 10 செ.மீ. கூட இராது, பூச்சி பறந்துவிடும். 150, 180 மி.மீ. லென்ஸ்கள் 20 செ.மீ. அளவில் இடம் தரும். எடை கைக்கு வலி தரும்.

மேக்ரோ லென்ஸ் இல்லையென்றால், ஏற்கெனவே கையில் இருக்கும் டெலி ஜூம் லென்ஸின் முன்னால் நெருக்கப்பட லென்ஸ் ஒன்றைப் பொருத்துவதே சிறந்த குறுக்குவழி. ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்பது +8 டயாப்டர் (லென்ஸின் ஒளிகுவிக்கும் திறனைச் சொல்லும் அலகு). 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் அளவுள்ள லென்ஸ்களில் கவ்விக்கொள்ளும். கணக்கு எளிது: 1000-ஐ 8-ஆல் வகுத்தால் அதன் குவியத்தூரம் 125 மி.மீ. முதன்மை லென்ஸை முடிவிலிக்கு ஃபோகஸ் செய்து 200 மி.மீ.யில் வைத்தால் 200-ஐ 125-ஆல் வகுத்து 1.6 மடங்கு உருப்பெருக்கம், 100 மி.மீ.யில் 0.8 மடங்கு. ஜூமை எப்படித் திருப்பினாலும் பூச்சிக்கான தூரம் ஏறக்குறைய 12 செ.மீ.யிலேயே நிற்கும். தொடங்குகிறவருக்கு +4.8 டயாப்டர் உள்ள டிசிஆர்-150 இன்னும் எளிது. தூரம் 20 செ.மீ.யாகிறது, கை நடுக்கமும் குறைவாகத் தெரியும்.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே பொருத்தும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கினால் மின்தொடர்புப் புள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அவை இல்லாத மலிவு வகைகளில், அப்பர்ச்சர் வளையம் இல்லாத இன்றைய லென்ஸ்களைப் பொருத்தினால், அப்பர்ச்சரைக் கேமராவிலிருந்து மாற்ற முடியாது. 50 மி.மீ. லென்ஸின் பின்னால் 25 மி.மீ. டியூப் வைத்தால் பாதி உருப்பெருக்கம் கூடும். அதே டியூபை 200 மி.மீ. லென்ஸில் வைத்தால் எட்டில் ஒரு பங்குதான் கூடும். நீள லென்ஸுக்கு டியூப் லாபமில்லை.

கைபேசியில் மேக்ரோ பயன்முறை பெரும்பாலும் அகலக்கோணக் கேமராவை எடுத்துக்கொள்ளும். அது பூவிலிருந்து 2, 3 செ.மீ. தூரத்துக்குப் போகச் சொல்லும். கைபேசியின் நிழலே பூச்சியை விரட்டிவிடும். முதன்மைக் கேமராவின் மேல் +10 டயாப்டர் கவ்வு லென்ஸ் வைத்தால் சுமார் 10 செ.மீ. தள்ளி நிற்கலாம். காலையில் மந்தமாக இருக்கும் பூச்சிகளுக்கு இது போதும், பறப்பவற்றுக்குப் போதாது.

முக்காலி வேண்டாம். அதை விரித்து உயரம் சரிசெய்வதற்குள் பூச்சி மூன்று பூ தாண்டியிருக்கும். ஒற்றைக்கால் தாங்கி பரவாயில்லை.

கூர்மையின் தடிமன்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. முழுச் சட்டக (36 x 24 மி.மீ.) சென்சாரில் 1:1 அளவில் அப்பர்ச்சரை எஃப் 11-இல் (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) வைத்தால் கூர்மையாகத் தெரியும் பகுதியின் தடிமன் சுமார் 1.3 மி.மீ. மட்டுமே. அதே எஃப் 11-இல் 1:2 அளவுக்குப் பின்வாங்கினால் ஏறக்குறைய 4 மி.மீ.; 1:4 அளவில் 13 மி.மீ. அளவு. பத்து மில்லிமீட்டர் நீளமுள்ள பூ ஈயின் உடல் அகலம் 3 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஆகவே 1:2 அளவில் எடுத்தால் அது முழுதும் கூர்மைக்குள் அடங்கிவிடும். பிறகு கத்தரித்துப் பெரிதாக்கலாம். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட 24 மெகாபிக்சல் கேமராவில் அந்த ஈ சுமார் 1,280 பிக்சல் நீளம் வரும். திரையில் காட்ட அது தாராளம். கத்தரிப்பதில் லாபத்தின் ஒரு பகுதி கரைந்துபோகும் என்பது உண்மை: பாதியாகக் கத்தரித்தால் 4 மி.மீ. தடிமன் 2 மி.மீ. போலத்தான் தெரியும். ஆனாலும் 1.3-ஐ விட அது மேல். கை நடுக்கமும் குறையும், பூச்சியும் பயப்படாது. 1:1 என்பது ஒரு வசதி. எல்லாப் படத்துக்கும் அதைப் பயன்படுத்த வேண்டியதில்லை.

அப்பர்ச்சரை இன்னும் சிறிதாக்கினால் தீராதா என்று தோன்றும். எஃப் 11 என்று அமைத்தாலும் 1:1 அளவில் பல லென்ஸ்கள் எஃப் 22 போலவே நடந்துகொள்ளும். வெளிச்சம் இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்பது பாதியாகக் குறைவது), சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் ஒளிவிளிம்பு விலகலால் நுண்விவரம் மழுங்கும். எஃப் 16-க்கு மேல் போனால் ஈயின் முதுகு மயிர்கள் எல்லாம் சேர்ந்து பஞ்சாகிவிடும். எஃப் 8 முதல் எஃப் 11 வரை நின்றுகொள்வது நல்லது. சென்சாரில் ஒட்டிய தூசியும் எஃப் 16-இல் புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும்.

கிடைத்த தடிமனை எங்கே செலவழிப்பது என்பதைக் கோணம் தீர்மானிக்கும். சென்சாரின் தளம் பூச்சியின் உடலுக்கு இணையாக இருக்க வேண்டும். பட்டாம்பூச்சி இறக்கையை மூடி நின்றால் சரியாகப் பக்கவாட்டில், விரித்து நின்றால் சரியாக மேலிருந்து. பூ ஈயின் முதுகுப் பட்டைகள் வேண்டுமென்றால் மேலிருந்து எடுக்கலாம், ஆனால் அது வெறும் அடையாளப் படமாகத்தான் நிற்கும். முகத்துக்கு முன்னால் கண்மட்டத்துக்கு இறங்கி எடுத்தால் ஆளைப் பார்ப்பதுபோல் இருக்கும். வால் மங்கிப்போகும், போகட்டும். கண் மட்டும் மங்கக் கூடாது. கண் கூர்மையாக இருந்தால் மற்றது மன்னிக்கப்படும்.

அணுகுவதும் ஃபோகஸ் செய்வதும்

ஈயின் கண் நம் கண்ணைவிடப் பல மடங்கு வேகமாக அசைவை உணரும். குறுக்கே ஆடும் கையும் திடீரென விழும் நிழலும் அதை விரட்டும். நேர்கோட்டில், மெதுவாக, தாழ்வாக நெருங்கும் உருவம் அதிகம் விரட்டாது. சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, உங்கள் நிழல் பூவைத் தொடாத பக்கமாகப் போங்கள். பக்கத்துச் செடியில் உடை உரசினால் தண்டு ஆடும், அவ்வளவுதான்.

1. லென்ஸைக் கைமுறை ஃபோகஸுக்கு மாற்றி, 1:2 அளவில் வைத்துவிட்டு வளையத்தைத் தொடாதீர்கள்.
2. ஒரு மீட்டர் தூரத்திலேயே கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் போய்த் தூக்கினால் அந்த அசைவே போதும், பூச்சி பறக்க.
3. முழங்கையை விலாவோடு சேர்த்து, உடம்பை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்து ஃபோகஸ் தேடுங்கள்.
4. கண் கூர்மைக்குள் நுழையும்போதே தொடர்பதிவில் மூன்று முதல் ஐந்து படம். நுழைந்துவிட்டது என்று உறுதியான பிறகு அழுத்தினால் தாமதம்.

முதல் படம் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு படி முன்னால், மறுபடி படம். ஈ பறந்துவிட்டால் நகராமல் நில்லுங்கள்; பெரும்பாலும் அதே பூவுக்கோ பக்கத்துப் பூவுக்கோ திரும்பும். பின்னால் ஓடினால் அது திரும்பாது.

சில புதிய கேமராக்களில் பூச்சியைக் கண்டறியும் தானியங்கி ஃபோகஸ் இருக்கிறது. 1:3 அளவு வரை அது நன்றாகவே உதவும். 1:1 நெருங்கும்போது லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்து நேரத்தைத் தின்னும். உடல் நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பும் அப்படித்தான்: அது கோண அசைவைத் தடுக்கவே முதன்மையாக உருவானது, மிக நெருக்கத்தில் கேமரா மேலும் கீழும் நகர்வதே பெரிய தொல்லை என்பதால் அதன் பலன் சுருங்கிவிடும். முன்பின் அசைவை அது தடுக்கவே தடுக்காது. ஷட்டர் வேகத்தைத்தான் நம்ப வேண்டும்: அமர்ந்த பூச்சிக்கு 1/250, பூ ஆடினால் 1/500, தேனீ வேலை செய்துகொண்டிருந்தால் 1/1000.

காற்றுக்கு ஒரு கைவைத்தியம். இடது கையின் விரல்களால் தண்டைப் பூவுக்குச் சற்றுக் கீழே பிடித்து, லென்ஸை அதே கையின்மேல் தாங்கவிடுங்கள். பூவும் லென்ஸும் ஒன்றாகவே ஆடும். இடையிலுள்ள தூரம் மாறாது. மந்தமான பூச்சிகளிடம்தான் இது செல்லும். தொட முடியாத உயரத்தில் பூ ஆடினால், ஆட்டத்தின் கோடியில் அது திரும்பும் கணத்தில் அழுத்துங்கள். அங்கே ஒரு நொடிப்பொழுது அசைவு நிற்கும்.

அந்தரத்தில் நிற்கும்போது

ஆண் பூ ஈக்கள் பல தமக்கென ஓர் இடத்தை வைத்துக்கொண்டு காற்றில் நிற்கும். வேறொரு பூச்சி வந்தால் விரட்டிவிட்டுப் பழைய புள்ளிக்கே திரும்பும். வெயில் ஊடுருவும் மரநிழல் ஓரங்களில் இதைப் பார்க்கலாம். லென்ஸை 1:3 அல்லது 1:4 அளவில் வைத்து அந்தப் புள்ளியைக் குறிபாருங்கள். 1/2000 நொடியில் உடல் கூர்மையாகும், இறக்கை மங்கலாக விசிறிபோல் தெரியும். அந்த மங்கல் இருப்பதே அழகு என்பது எங்கள் கட்சி. இறக்கை உறைந்த படத்தில் ஈ நூலில் கட்டித் தொங்குவதுபோல் இருக்கும்.

இறக்கை நரம்பும் தெரிய வேண்டுமானால் நொடிக்கு நூறு முறைக்கு மேல் அடிக்கும் அதை நிறுத்த ஃப்ளாஷ்தான் வழி. சைலன்ட் ஷட்டரில், அதாவது சத்தமில்லாத மின்னணு ஷட்டரில், எடுக்காதீர்கள். சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுவதால் பல கேமராக்களில் இறக்கை வளைந்து கோணலாகும்.

வெளிச்சமும் ஃப்ளாஷும்

உச்சிவெயில் மஞ்சள் பூவைச் சுட்டுவிடும். மஞ்சளில் படத்தின் சிவப்பு நிறப்பகுதி முதலில் நிரம்பி வழியும்; ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான மொத்த ஹிஸ்டோகிராம் சரியாகத் தெரிந்தாலும் இதழ்கள் தட்டையான ஒரே பூச்சாகிவிடும். மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறையுங்கள். வெள்ளைப் பூவுக்கு நேர்மாறு: அது சட்டகத்தை நிறைத்தால் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும், சற்றுக் கூட்ட வேண்டும். மஞ்சள் பூவில் கருந்தச்சுத் தேனீ அமர்ந்தால் பூவுக்கு அளந்து எடுத்து, சுருக்கப்படாத ஒளித்தரவைத் தாங்கும் ரா கோப்பில் நிழலைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளுங்கள்.

ஃப்ளாஷ் என்றால் முகம் சுளிப்பவர்கள் மறைப்பில்லாத ஃப்ளாஷைப் பார்த்தவர்கள். வெறும் ஃப்ளாஷ் ஈயின் கண்ணில் வெள்ளைப் புள்ளியாக எரியும். எரிஸ்டலினஸ் என்ற பூ ஈப் பேரினத்தின் கண்ணில் புள்ளியும் கோடுமாக அழகான கோலம் இருக்கும். அதைக் கெடுக்க அந்த ஒரு புள்ளி போதும். வெள்ளை மெல்லிய பேக்கிங் ஃபோமை இரண்டடுக்காக வளைத்து, லென்ஸின் முனைக்கு மேல் கூரைபோல் நீட்டிக் கட்டுங்கள். பரப்பு பெரிதாகவும் பூச்சிக்கு அருகிலும் இருக்கிற அளவுக்கு ஒளி மென்மையாகும். ஃப்ளாஷ் தலைக்கும் ஃபோமுக்கும் இடையே கையளவு இடைவெளி விடுங்கள். ஒட்டிவைத்தால் நடுவில் மட்டும் பிரகாசிக்கும்.

அமைப்பு: கைமுறை, 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 200, ஃப்ளாஷ் 1/16 சக்தி. வழக்கமான ஸ்பீட்லைட்டில் 1/16 சக்தியில் ஒளி ஏறக்குறைய 1/10000 நொடிதான் எரியும். அசைவை நிறுத்துவது அதுதான், ஷட்டர் அல்ல. வேகமான ஷட்டரோடும் ஃப்ளாஷ் வேலை செய்யவைக்கும் ஹைஸ்பீட் சிங்க் போட்டால் ஒளி நீண்ட தொடர்துடிப்பாக மாறி இந்தப் பலன் போய்விடும். வெயிலில் எடுத்தால் ஃப்ளாஷ் பிம்பத்தோடு வெயில் பிம்பமும் சேர்ந்து இறக்கைக்கு இரட்டை விளிம்பு வரும், நிழலில் எடுங்கள்.

பின்னணி கறுத்துப்போவது அடுத்த புகார். ஃப்ளாஷ் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைவதால், 15 செ.மீ.யில் உள்ள ஈக்குப் போதிய ஒளி ஒரு மீட்டர் பின்னாலுள்ள செடிக்கு எட்டாது. ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றி ஃப்ளாஷைக் குறைத்தால் இயற்கை வெளிச்சம் பின்னணியை நிரப்பும். இல்லையென்றால் 20, 30 செ.மீ. பின்னால் இலை இருக்கும் பூவைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

அதிகாலை

குளிர்ந்த உடலோடு பூச்சிகள் மந்தமாக இருக்கும் நேரம் இது. நீலப்பட்டைத் தேனீக்களின் ஆண்கள் கூட்டுக்குள் போகாமல், தாடையால் காய்ந்த தண்டைக் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும். மாலையில் இடத்தைப் பார்த்துவைத்தால் விடியலில் அங்கேயே இருக்கும். பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் முறைக்கு இது ஒன்றுதான் ஏற்ற வேளை, முக்காலிக்கும் இப்போதுதான் வேலை. எஃப் 5.6, படிக்கு 0.3 மி.மீ., 12 முதல் 15 படம், 4 மி.மீ. தடிமன் கிடைத்துவிடும். இடையில் உணர்கொம்பு அசைந்தால் அது இரண்டாகத் தெரியும். அந்தப் பகுதிக்கு ஒரே படத்தை எடுத்து ஒட்ட வேண்டும். ஹெலிகன் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் ஆகிய இரண்டு மென்பொருள்களிலும் அதற்கு வசதி உண்டு.

பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். கால் ஊன்றும் விதமே மாறிவிடும், தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பார்.

பகலில் ஒரு தேனீ பூவில் நெடுநேரம் அசையாமல் இருந்தால் அதிர்ஷ்டம் என்று எண்ணாமல் பூவின் அடியில் பாருங்கள். இதழின் நிறத்திலேயே நண்டுச் சிலந்தி ஒன்று அதன் கழுத்தைப் பிடித்திருக்கக்கூடும். அது ஓடாது, கோணத்தை நிதானமாகத் தேடலாம்.

அடையாளம் காணும் தளங்களில் பதிவேற்றும் எண்ணமிருந்தால் அழகான ஒரு படம் போதாது. முதுகு நேராக மேலிருந்து, பக்கவாட்டு, முகம், பின்னங்கால், இறக்கை நரம்பு தெரிய ஒன்று என எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பூ ஈக்களின் இறக்கையில் மற்ற நரம்புகளோடு சேராமல் நடுவில் மங்கலாக ஓடும் ஒரு பொய் நரம்பு இருக்கும். அது தெரிந்தால் குடும்பம் ஏறக்குறைய உறுதி. இரண்டு கண்ணும் உச்சியில் ஒட்டியிருந்தால் பெரும்பாலான இனங்களில் அது ஆண், இடைவெளி இருந்தால் பெண். இதற்கு முகத்துக்குச் சற்று மேலே, 45 பாகைக் கோணத்தில் ஒரு படம் தேவைப்படும். பலரும் விட்டுவிடும் கோணம் அதுதான்.